பிள்ளை உள்ளே, தாய் படிக்கட்டில்: தாய்மார் இல்லத்துக்கு உங்கள் உதவி வேண்டும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும் நண்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வில் விட்டுவிட்டு, தங்க இடமில்லாமல் நிற்கும் தாய்மாருக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கிறோம். ஆறு கட்டில், சமையலறை, வெந்நீர், ஒரு ஃப்ரிட்ஜ், தாய்ப்பால் எடுக்கும் மெஷின் இரண்டு. அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

குழுவில் நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாரக்கணக்கில் நின்றவர்கள். இதை எழுதுகிற நானும் அதில் ஒருத்தி. என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள். எடை 1,080 கிராம். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். காலில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தார்கள். மூக்கில், மூச்சுக்கு உதவியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் குழாய், வாய் வழியே வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப். திடீரென்று மூச்சுவிட மறந்துவிடுவாள். மானிட்டர் கத்தும், சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டுவார், மூச்சு திரும்பும்.

ஐந்தாம் நாள் என்னை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அவள் அதற்குப் பிறகு 47 நாள் உள்ளே இருந்தாள். அவளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூபில் பால் போக வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பஸ்ஸில் வந்துபோய் அதைச் செய்ய முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு, சிசேரியன் தையலோடு, மாடிப்படியில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஸ்டீல் கிண்ணத்தில் பீய்ச்சினேன். 4 மில்லி வந்தது. வெட்கமாக இருந்தது. சிஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போதும்மா, அவளுக்கு ரெண்டு வேளைக்கு ஆகும்" என்றார்.

தாய் பக்கத்தில் இருப்பது பாசத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவே சிகிச்சை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கர் ரே பிள்ளைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்பது அங்கே தொடங்கியது. பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2021இல் முடிவை வெளியிட்டது. உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனே கங்காரு பராமரிப்பைத் தொடங்கிய பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 12 பேர். காத்திருந்து தொடங்கியவர்களில் கிட்டத்தட்ட 16 பேர். அந்த ஆய்வில் தாய்க்கும் உள்ளேயே கட்டில் போட்டிருந்தார்கள். நம்மால் உள்ளே கட்டில் போட முடியாது. நடந்துபோகிற தூரத்தில் போடலாமே.

அந்த நாட்களில் எனக்கு நீளமாக ஜெபிக்க வரவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு விரலை உள்ளே நீட்டுவேன். பிடித்துக்கொள்வாள். "ஆண்டவரே" என்பதோடு என் ஜெபம் நின்றுவிடும். ஒரு சாயங்காலம் அவளுடைய சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்கிக்கொண்டே போனது. சேகர குரு ஐயா வந்தார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஊசிமருந்து கலக்கும் ஸ்டெரைல் வாட்டரைப் பஞ்சில் நனைத்து நெற்றியில் மூன்று தரம் தொட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவளுக்குப் பெயர் வந்தது. இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் மகன் ஒன்பதாம் நாள் போய்விட்டான். அவளும் ஜெபித்தாள், என்னைவிட அதிகமாகவே ஜெபித்தாள். "விசுவாசம் குறைவு" என்று அவள் காதுபட ஒருவர் சொன்னதை நான் கேட்டேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. பிள்ளை போன பிறகும் அவளுக்குப் பால் சுரந்துகொண்டே இருந்தது. மார்பு கட்டி, காய்ச்சலோடு பஸ் ஏறினாள். இந்த வீடு அவளைப் போன்றவர்களுக்கும்தான். பிள்ளையை இழந்த தாயை அன்றே கட்டிலைக் காலி செய்யச் சொல்ல மாட்டோம். உடம்பு தேறும்வரை இருக்கட்டும். எந்த மதத்துத் தாயானாலும் சரி, வாடகை கிடையாது. ஜெபத்துக்கு அறை இருக்கும், வா என்று யாரையும் இழுக்க மாட்டோம்.

இனி கணக்கு. வாடகை, கரண்ட், சமையல்காரம்மா சம்பளம், கட்டில், மெஷின் எல்லாம் சேர்த்து முதல் வருஷத்துக்கு ரூ. 6,40,000 வேண்டும். இதுவரை வந்தது ரூ. 2,15,000. இதில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பிடியரிசி விற்றுக் கொடுத்த ரூ. 11,300 இருக்கிறது, அதை வாங்கும்போது எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. ரூ. 700 கொடுத்தால் ஒரு தாய்க்கு ஒரு வாரச் சாப்பாடு. பிள்ளையின் பிறந்தநாள் காணிக்கையாகவோ, பொருத்தனையாகவோ, முதல் சம்பளத்திலிருந்தோ கொடுக்கலாம். பணம் இல்லாதவர்கள் பருத்தித் துணி, அரிசி, பருப்பு தரலாம். உல்லன் தொப்பி பின்னத் தெரிந்தவர்கள் பின்னிக் கொடுங்கள். நடுத்தர ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டுப் பார்த்தால் பொருந்துகிற அளவு. வாரம் ஒரு ராத்திரி துணைக்குத் தங்க வரும் அம்மாமாரும் வேண்டும்.

காணிக்கைக் கவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் கிடைக்கும். ஒவ்வொரு காணிக்கைக்கும் ரசீது உண்டு. மாதக் கடைசி ஞாயிறு வரவு செலவைச் சபையில் வாசிப்போம். பெயர் வாசிக்க வேண்டாம் என்றால், கவரின் மேல் 'ஒரு தாய்' அல்லது 'ஒரு தகப்பன்' என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.