மடியில் நான்கு மணி நேரம்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தவுக்கே,

கடையை மகனிடம் கொடுத்துவிட்டாய், இப்போது நீ முதலாளி இல்லை என்றாலும் உன்னை வேறு பெயரில் கூப்பிட எனக்கு வாய் வராது. மூட்டுவலி எப்படி இருக்கிறது? நாங்கள் புதன்கிழமை திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தோம். மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், அப்பா பிறந்த கிராமம் எல்லாம் பார்த்தாயிற்று. அதை நேரில் சொல்கிறேன். இப்போது சொல்ல வேண்டியது விமானத்தில் திரும்பி வந்த கதை.

பேரனுக்கு இரண்டு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முடிந்துவிட்டால் தனி இருக்கை வாங்க வேண்டும், அதற்குள் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவன் நான்தான். அந்தக் கணக்கு பதினோரு கிலோவாக என் மடியிலேயே வந்து உட்கார்ந்தது. என் இடுப்பு வாரில் ஒரு சின்ன வாரைக் கோத்து அவனைக் கட்டினார்கள். "கொஞ்ச நேரம் வைத்திருங்கள் அப்பா" என்று கொடுத்த மகள், தலையைச் சாய்த்தவள்தான், எழவே இல்லை.

கிளம்பும்போது இரவு பதினொன்றரை. விமானம் மேலே ஏறும்போது காது அடைக்கும், பால் கொடுங்கள் என்று எல்லாரும் சொன்னதால் புட்டிப் பாலை அப்போதே முழுக்கக் கொடுத்துவிட்டோம். குடித்தவன் என் இடது கையைத் தலையணையாக்கித் தூங்கினான். கை மரத்துப் போனது. எடுத்தால் விழித்துக்கொள்வானோ என்று பயம்.

உண்மையில் காது படுத்துவது இறங்கும்போதுதானாம். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியே அழுத்தம் கூடும். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் விழுங்கினால் திறக்கும், பிள்ளைகளுக்கு அது குறுகல். பக்கத்தில் இருந்த தாதி ஒருவர் இதைச் சொன்ன நேரத்தில் புட்டி காலி, பையன் முகம் சிவப்பு. நம் ரப்பர் தோட்டத்து ஆலைச் சங்கு ஞாபகம் இருக்கிறதா? அதே சத்தம்.

தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஊற்றி நீட்டினேன். மூடி என்றால் அவனுக்கு ஆசை. ஒரு மூடி, இன்னொரு மூடி. பாதி உள்ளே, பாதி என் சட்டையில். எட்டாவது மூடியில் அழுகை நின்றது. அடுத்த மூடிக்குக் கையை நீட்டினான்.

அப்போது எனக்கு நம் ஆயாக் கொட்டகை நினைவுக்கு வந்தது, ஏனென்று தெரியவில்லை. இருட்டோடு இருட்டாக, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் முன் அம்மாக்கள் நம்மை அங்கே விட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். கையால் ஒன்றை ஆட்டிக்கொண்டே, காலில் கட்டிய கயிற்றால் இன்னொன்றை ஆட்டுவாளே அந்த ஆயா! பால்மரம் வெட்டப் போன என் அம்மா, ஒரு நாளாவது சேர்ந்தாற்போல நான்கு மணி நேரம் என்னை மடியில் வைத்திருந்திருப்பாளா? அப்பாவுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. எனக்கு மட்டும் என்ன? கீழே வந்ததும் மகள் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "என்னையும் இப்படித் தூக்கி வைத்திருந்தீர்களா?" என்று கேட்டாள். அப்போது நான் ஆலையில் இரவு வேலை. பெட்டி வருகிறதா பார் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

இறங்கினால் இங்கே காலை ஆறு. மருமகன் காரோடு வந்திருந்தார். வழியில் தாப்பாவில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பசியாறினோம். பயல் வீடு வரும்வரை நன்றாகத் தூங்கினான், அதுதான் வினை. இரண்டரை மணி நேர வித்தியாசம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. இங்கே இரவு பத்து என்றால் அவன் கணக்கில் ஏழரைதான். நேற்றும் நடுச்சாமம் வரை என் படுக்கையில் உட்கார்ந்து போத்தல் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

தீபாவளிக்கு இந்தப் பக்கம் வருவாய்தானே? வந்தால் இரண்டு நாளாவது தங்கு. அப்புறம், உன் கடையில் அரைத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ கொண்டு வா, காசு கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய லயத்துக்காரன்