பூனைக்குட்டியைப் பட்டினி போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு வீட்டுக் குறிப்புப் பக்கத்தில், பூனைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு வைக்காமல் விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று போட்டிருந்தீர்கள். வளர்ந்த பூனை என்றால் ஒருவேளை தாங்கும். குட்டி தாங்காது. ரெண்டு மாதம்கூட ஆகாத குட்டி சில மணி நேரம் வெறும் வயிற்றோடு கிடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கி உடம்பு சில்லிட்டுப் போகும், அதுவும் நம்ம தலவாக்கலைப் பக்கத்துக் குளிரில், லயத்து வரிசை வீட்டுச் சீமெந்துத் தரையில் என்றால் கேட்கவே வேண்டாம்.

இங்கே நான் பார்க்கிற குட்டிகளுக்குப் பெரும்பாலும் பேதியாவது பாலால்தான். தாயில்லாத குட்டி என்று பாவப்பட்டுப் பசும்பாலோ கரைத்த பால்மாவோ வைக்கிறோம், அதிலுள்ள சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. சாப்பிடப் பழகிய குட்டியென்றால் பாலை நிறுத்திவிட்டு, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் அவித்த கோழியைப் பிய்த்து, குழைந்த சோறு கொஞ்சம் சேர்த்து, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சிறிது சிறிதாகக் கொடுங்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும், ஆனால் வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். இன்னும் தாய்ப்பால் குடிக்கிற வயதுக் குட்டிக்குப் பேதி என்றால் வீட்டில் எதையும் செய்து பார்க்காமல் நேரே வைத்தியரிடம் போவதுதான் சரி.

நம்முடைய மாத்திரையைக் கால்வாசி உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பனடோல் என்கிற பரசிட்டமோல் பூனைக்கு விஷம், சின்னத் துண்டே குட்டியைக் கொன்றுவிடும்.

நன்றாக விளையாடித் திரிகிற, சாப்பாடு கேட்டுக் கத்துகிற குட்டியை ஒரு நாள் கவனித்துப் பார்க்கலாம். ஆனால் பேதியோடு வாந்தியும் இருந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், கறுத்துத் தார் மாதிரி போனால், சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்காமல் மூலையில் படுத்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிகளைப் பீடிக்கிற பன்லூகோபீனியா என்ற வைரஸ் நோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும், அது ஓரிரு நாளில் குட்டியை முடித்துவிடக்கூடும். பக்கத்துக் காம்பிராப் பிள்ளை ஒரு குட்டியைத் தூக்கி வந்து காட்டியபோது பிடரித் தோலை மெல்ல இழுத்து விட்டுப் பார்த்தேன், மடிப்பு இறங்காமல் அப்படியே நின்றது, ஈறு வெளிறி, தொட்டால் விரலில் ஒட்டியது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே ஓட்டோ பிடித்து அனுப்பினோம், சேலைன் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தது.

போகும்போது குட்டியைத் துணியில் சுற்றி, வெந்நீர்ப் போத்தலை இன்னொரு துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். புதிதாகப் போன மலத்தில் கொஞ்சம் சுத்தமான சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டால் நல்லது, புழுவா, வேறு கிருமியா என்று வைத்தியர் அதில் பார்க்க முடியும். அரசாங்க மிருக வைத்தியர் மாட்டுக்கு மட்டும்தான் என்று தோட்டத்தில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், போய்க் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையிலும் பூனைகளைப் பார்க்கிறார்கள், எங்களுக்குத்தான் அது தூரம்.

அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் அடுத்த ஞாயிறே போடுங்கள், ஐயா. அதைப் படித்துவிட்டு இப்போதும் யாரோ ஒரு குட்டியைப் பட்டினி போட்டிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தோட்ட வாசகி ஒருவர்,
தலவாக்கலை