உளித்தலை விரியும்போது

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. மெயின்டனன்ஸ் வேலைக்குச் சொந்தமாகக் கருவி வாங்கப் போவதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி நினைவில் நிற்காது, அதனால் எழுதுகிறேன்.

சுத்தியல் இப்போதைக்கு இரண்டு போதும். உலோகம் வெட்டும் உளியை அடிக்க 500 கிராம் பால் பீன், அதாவது ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும் சுத்தியல். துளை போடும் இடத்தில் புள்ளி பதிக்கிற கூர்முனைக் கம்பியான சென்டர் பஞ்சை அடிக்க 200 கிராம். கடையில் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார். மர ரேகை நீளவாக்கில் கடைசிவரை ஓட வேண்டும். நடுவில் குறுக்கே இறங்கினால் அங்கேதான் முறியும். தலை தளர்ந்தால் சிலர் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் காய்ந்ததும் இன்னும் தளரும். புது ஆப்பு அடி.

உளியில்தான் ஆபத்து அதிகம், கண்ணு. வெட்டுமுனையை மட்டுமே கடினமாக்கி, தலையை மென்மையாக விட்டிருப்பார்கள். அதனால்தான் அது அடிவாங்கி உடையாமல் விரிந்து, ஓரம் மடிகிறது. மடிந்த ஓரம் மேலும் அடிபட்டு இறுகி, ஒரு நாள் சில்லாகத் தெறித்துக் கண்ணிலோ கழுத்திலோ பாயும். மடியத் தொடங்கிய அன்றே கிரைண்டரில் எடுத்துவிட்டு ஓரத்தைச் சரிவாக்கு. சுத்தியலைச் சுத்தியலால் அடிப்பதும், அரத்தைப் பஞ்ச் போல வைத்து அடிப்பதும் கூடாது. இரண்டும் கடினமான இரும்பு, ஒன்று உடையும். ஆணி அடிக்கிற சுத்தியலும் உளிக்கு ஆகாது.

உளியின் முனைக் கோணம் மைல்ட் ஸ்டீலுக்கு (சாதாரண மென் எஃகு) 55 டிகிரி, வார்ப்பிரும்புக்கு 60, பித்தளைக்கு 50, செம்புக்கு 45, அலுமினியத்துக்கு 30. தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் முக்கு. முனை நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது, சீக்கிரம் மழுங்கும். அடிக்கும்போது பார்வை வெட்டுமுனையில் இருக்கட்டும், உளித்தலையில் வேண்டாம். வார்ப்பிரும்பில் விளிம்பை நெருங்கியதும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வெட்டு. நேரே போனால் விளிம்பு பெயர்ந்துவிடும்.

இரண்டு பாகங்களை நகராமல் பிடிக்கும் சிறு உருளைக் கம்பிதான் டவல் பின். அது சிக்கினால் கழற்ற, எடுத்ததும் முழுநீளமும் ஒரே தடிமனான, ஒல்லியான ‘பின் பஞ்ச்’ வைப்பவர்களை நிறையப் பார்ப்பாய். அந்தப் பஞ்ச் வளைந்துவிடும். முதலில் முனை நோக்கிச் சிறுத்துப்போகும் டேப்பர் பஞ்சால் அடித்து அசைத்துவிட்டு, பிறகு பின் பஞ்சால் வெளியே தள்ளு. சென்டர் பஞ்ச் வேண்டவே வேண்டாம். அதன் கூர்முனை டவலின் முகத்தை விரித்து, துளைக்குள்ளேயே இறுக்கிவிடும். இரண்டு துளை நேராகச் சேர்ந்ததா என்று விரலை மட்டும் விடாதே; பாகம் நழுவினால் விரல் துண்டாகும். அதற்கு நீளமான டேப்பர் பஞ்ச் இருக்கிறது. ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) பேரிங் ஏற்ற பிரஸ் கிடைக்காவிட்டால் பித்தளை பஞ்சால், உள்வளையத்தில் மட்டும், சுற்றிச் சுற்றித் தட்டு. வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் வளையத்தில் தழும்பு பதிக்கும்.

சில்லு எதிரே நிற்பவர்மேலும் பாயும். வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்குப் பின்னால் வலைத்தடுப்பு இல்லையென்றால் சூப்பர்வைசரிடம் கேட்டு வை. பக்கமூடி உள்ள பாதுகாப்புக் கண்ணாடியை முதலில் வாங்கு, மற்றதெல்லாம் சம்பளம் வந்தபின் வாங்கலாம். பணம் அனுப்புகிறேன்.

அப்பா