பசி திரும்பி வந்திருக்கிறது

தூத்துக்குடி

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. பையனுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததைக் கடைசி வரியில் போட்டுவிட்டு, மூன்று பக்கமும் பசியைப் பற்றியே எழுதியிருக்கிறாயேடி! முதலில் அவனுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லாரும் நலம். இவர் ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிறார். அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன், அதற்கு ஒரு கடிதம் போதாது.

சரி, உன் விஷயம். எடை குறைக்கிற ஆபரேஷன் முடிந்து வருஷம் திரும்பப்போகிற நேரத்தில் பசி எடுக்கிறது, இரைப்பை மறுபடி பெருத்துவிட்டதோ என்று பயப்படுகிறாய். கொட்டிய பணம் வீணா என்று உன் மாமியார் வேறு கேட்கிறார். வீண் இல்லை என்று சொல். எனக்கும் ஏறத்தாழ இந்தச் சமயத்தில்தான் பசி திரும்பியது. நம் இருவருக்கும் செய்தது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். எடுத்த பகுதியின் மேல்பக்கத்தில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டுபிடித்தது அது. அந்த இடமே போய்விட்டதால்தான் ஆரம்ப மாதங்களில் நீ அலாரம் வைத்துச் சாப்பிட்டாய். ஆனால் கிரெலின் குடலிலும் கொஞ்சம் சுரக்கும். அதோடு எடை இறங்க இறங்க, ஊரில் பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொண்டு பசியைக் கூட்டும். அது அதன் வேலை.

உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அந்தப் பசியில்லாத மாதங்கள்தான் பிடிக்கவில்லை. மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வீடெல்லாம் நிற்கும், நான் மாத்திரை விழுங்குகிற மாதிரி நாலு ஸ்பூன் விழுங்கிவிட்டு எழுந்திருப்பேன். இப்போது பசித்துச் சாப்பிடுகிறேன், கொஞ்சம் போதும் என்றும் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பசியையும் நம்பிவிடாதே. சாப்பிட்டு அரைமணி ஆகவில்லை, மேல்வயிறு கடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது பசியாக இருக்காது என்று நினைக்கிறேன். ஸ்லீவ் செய்தவர்களில் நிறையப் பேருக்கு அமிலம் மேலே ஏறும், அந்த எரிச்சல் அப்படியே பசி மாதிரி இருக்கும். எதையாவது தின்றால் அடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். அமில மாத்திரையை எப்போது நிறுத்தினாய்? டாக்டரிடம் போய் இதை இப்படியே சொல். தாகமும் ஏமாற்றும். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்க இனி நம்மால் ஆகாது, அதனால் பாட்டிலைக் கையோடு வைத்து நாள் முழுக்க ஒவ்வொரு வாயாகக் குடி. சாப்பிடும்போது மட்டும் வேண்டாம். சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான் தண்ணீர்.

நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் ஒன்றரை இட்லி, மதியம் ரசம் சாதம் குழைத்து, ராத்திரி கஞ்சி. அடியே, அது ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்துச் சாப்பாடு. குழைந்ததும் தண்ணீராக இருப்பதும் அந்தக் குழாயில் நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் பசிக்காமல் என்ன செய்யும்? நமக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு இட்லியில் 2 கிராம் இருந்தால் அதிகம். முட்டையில் 6 கிராம். மீன் 100 கிராம் தின்றால் 20 கிராம் வரை வந்துவிடும். இங்கே சீலா கிடைக்கிற நாளில் எனக்குக் கவலையே இல்லை. மஞ்சளும் மிளகும் உப்பும் தடவி, எண்ணெய் அதிகம் விடாமல் தோசைக்கல்லில் ஒரு துண்டு போட்டு எடுப்பேன். முள் பார்த்துப் பிய்த்து மெதுவாக மென்று தின்ன இருபது நிமிஷம் ஆகிவிடும். அதன்பின் இரண்டு வாய் காய். அதற்கு மேல் இடம் இருந்தால்தான் சோறு, பல நாள் இருக்காது. கோயமுத்தூரில் இந்த மாதிரி மீன் கிடைக்காது என்று சொல்வாய். சரி, முட்டை, பன்னீர், கொண்டைக்கடலைச் சுண்டல் கிடைக்குமே.

நாலு மணிப் பசிதான் மோசமானது. டீ குடிக்கிற நேரம், பக்கத்தில் இவர் முறுக்கைக் கடகடவென்று கடித்துக்கொண்டிருப்பார், எனக்கு வாய் நமநமவென்று இருக்கும். அந்த நேரத்துக்கென்று ஒரு கிண்ணம் பொரிகடலையோ அவித்த நிலக்கடலையோ எடுத்து வைத்துவிடுவேன். எதுவும் கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்தால் ராத்திரிக்குள் டப்பா டப்பாவாகத் திறக்க வேண்டியிருக்கும்.

எங்கள் ஊர் மக்ரூன் இருக்கிறதே, அது நமக்குச் சத்ரு. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. வாயில் போட்டதும் கரைந்துவிடுகிறது. இரைப்பை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதை நிறுத்தாது. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கிற ஆபரேஷன்) செய்துகொண்ட ஒரு டீச்சர் எனக்குப் பழக்கம். பேத்தி பிறந்தநாளுக்கு அஞ்சாறு மக்ரூன் தின்றிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அகோரப் பசி. சர்க்கரை சட்டென்று ஏற, உடம்பு இன்சுலினை அள்ளிவிட, இருந்த சர்க்கரையும் தடாலென்று இறங்கிவிட்டது. பைபாஸ்காரர்களுக்குத்தான் இது அதிகம், ஸ்லீவ்காரர்களுக்கும் வருவதுண்டு. உனக்கு அப்படி நடுக்கத்தோடு பசி வந்தால் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டு.

அப்புறம், கல்யாண வீடுகள். "என்ன, இவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே பரிமாறிவிடுவார்கள், வேண்டாம் என்றால் கோபம். நான் பந்தியில் கடைசி இடமாகப் பார்த்து, பக்கத்தில் ஒரு பத்து வயசுப் பையனை உட்கார வைத்துக்கொள்வேன். அவன் இலைக்குப் போய்விடும். அவியலும் கூட்டும் எனக்கு, பாயசம் அவனுக்கு. யாரும் கவனிப்பதில்லை.

இப்போது எல்லாரும் பேசுகிற, பசியைக் குறைக்கிற ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு எடை நிஜமாகவே ஏறத் தொடங்கினால் டாக்டர்கள் அதையும் யோசிப்பார்களாம். உனக்கு ஏறவில்லையே, இறங்குவது நின்றிருக்கிறது, அவ்வளவுதானே? முதலில் தட்டை மாற்று. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் விட்டுவிடாதே, அது ஆயுசுக்கும் உண்டு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் அனுப்பு.

வைகாசியில் இவர் தங்கை மகள் கல்யாணம் பொள்ளாச்சியில். இரண்டு நாள் முன்னதாகவே உன் வீட்டுக்கு வருகிறேன். கல்யாணப் பந்திக்கு ஒரு பையனை நீயே பார்த்து வை.

அன்புடன்,
மீனா