யாழினி எந்த வகுப்புக்கு டீச்சராகப் போகலாம்?

புதுக்கோட்டை,
19.10.2025

அன்புள்ள கலா,

உன் பெண் யாழினி எந்த வகுப்புக்கு டீச்சராகலாம் என்று கேட்டு நீ எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. "போனில் கேட்டால் முடிந்திருக்குமே, இதற்கு இரண்டு பக்கமா?" என்று இவர் சிரித்தார். போனில் பேசியிருந்தால் அண்ணனின் சர்க்கரை அளவையும் உன் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தையும் தாண்டியிருக்க மாட்டோம். விடிந்தால் தீபாவளி. முறுக்கு சுட்டு முடித்துவிட்டு, எண்ணெய்க் கையைக் கழுவி உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் கதை. நானும் இப்போது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. சிரிக்காதே. செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற, எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்கள் எல்லாரும் இரண்டு வருஷத்துக்குள் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் செய்ய வேண்டும் என்று. எனக்கு இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பத்து வருஷம் காத்திருந்து, 2006-இல் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தவள் நான். அப்போது டெட் என்ற பேரே கிடையாது. சங்கத்தில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். நான் பேசாமல் அப்ளிகேஷன் போட்டுவிட்டேன். நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, பேப்பர் 2.

போன வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். 150-க்கு 84. நம் பிரிவுக்கு 82 போதும், பொதுப்பிரிவுக்கு 90. இரண்டு மார்க்கில் கரையேறியிருக்கிறேன். கணக்கு டீச்சர், கணக்கில் தப்பித்தேன். அதோடு சேர்ந்து வரும் அறிவியலில் தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று இந்த வயதில் விழித்தேன். குழந்தை வளர்ச்சிப் பகுதியில் உளவியலாளர் பியாஜே பற்றி ஒரு கேள்வி. ஒரே அளவு தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றினால் குழந்தை "இதில்தான் ஜாஸ்தி" என்று சொல்லும், இது எந்த நிலை? முன் செயல்நிலை. நம் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் வாளியைச் சுற்றி இந்தச் சண்டையை எத்தனை வருஷம் விலக்கியிருக்கிறேன்! ஆனாலும் தப்பான விடையைத்தான் டிக் அடித்தேன்.

சரி, யாழினி விஷயம். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டாள், அடுத்து பி.எட்.டா, எம்.எஸ்சி.யா என்று கேட்டிருக்கிறாய். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், "சின்ன க்ளாஸில் ஆரம்பித்துப் பெரிய க்ளாஸுக்கு ஏறிக்கொள்ளலாமே" என்று. அங்கேதான் எனக்கு உன்னோடு ஒத்துப்போகவில்லை. நாம் ஏறியது பழைய ஏணி. தொடக்க வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, தபாலில் டிகிரியும் பி.எட்.டும் முடித்து, 2013-இல் எனக்குப் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது வருகிற பிள்ளைகள் அந்தக் கணக்கில் போகக் கூடாது. மூன்றும் தனித்தனி வாசல், சாவியும் வேறு வேறு.

ஒன்று முதல் ஐந்து வரைக்கும் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். நாம் டீச்சர் ட்ரெய்னிங் என்று சொல்வோமே, அதேதான், இரண்டு வருஷம். அதற்கு டெட் பேப்பர் 1. ஆறு முதல் பத்து வரைக்கும் டிகிரியும் பி.எட்.டும், அதற்குப் பேப்பர் 2. பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலையும் பி.எட்.டும். அங்கே டெட் கிடையாது, நேராக ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) வைக்கும் போட்டித் தேர்வுதான். 150 கேள்வியில் 110 பாடத்திலிருந்தே வரும். அதற்கு முன்னால் தமிழ்த் தகுதித் தேர்வில் 50-க்கு 20 வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். யாழினி இங்கிலீஷ் மீடியம் என்பதால் சொல்கிறேன்.

"பி.எட். படித்தால் பேப்பர் 1-ம் எழுதலாம்" என்று உங்கள் தெருவில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது 2018-இல் வந்த அறிவிப்பு. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தொடக்க வகுப்புக்குப் பட்டயம்தான், பி.எட். செல்லாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பேச்சை நம்பியே வீட்டில் பேப்பர் 1 கைடு வாங்கி அடுக்கினாள். இப்போது பேப்பர் 2-க்கு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

டெட் பாஸ் செய்தாலும் வேலை கையில் வந்துவிடாது, அதையும் அவளிடம் சொல்லிவை. 2018-இல் போட்ட அரசாணை 149-க்குப் பிறகு, பாஸ் செய்தவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுதுகிறார்கள். இடைநிலைக்கு அது 2024 ஜூலையில் நடந்தது. 2013-இல் பாஸ் செய்துவிட்டு அதுவரை தனியார் பள்ளியில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். டெட் சான்றிதழ் முன்பு ஏழு வருஷத்துக்குத்தான் செல்லும், 2021-இல் ஆயுள் முழுக்க என்று மாற்றினார்கள். அந்த ஒன்றுதான் அவர்களுக்கு நிம்மதி.

பரீட்சையை நினைத்து ரொம்பவும் பயப்பட வேண்டாம். 2012 ஜூலையில் முதல் டெட் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள். அந்த அக்டோபரிலேயே மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி வைத்தார்கள். இப்போதும் மூன்று மணி நேரம்தான், தப்பு விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

சம்பளமும் கேட்டிருந்தாய். அடிப்படை ஊதியம் இடைநிலைக்கு 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுகலைக்கு 36,900. இதை நீயே இரண்டு தடவை வாசித்துப் பார். பட்டதாரி ஆசிரியருக்கும் முதுகலைக்கும் நடுவில் ஐந்நூறு ரூபாய். இடைநிலைக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் நடுவில் பதினைந்தாயிரத்து எண்ணூறு. இது போதாதென்று, 2009 ஜூனுக்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், அதற்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களைவிடத் தங்களுக்குக் குறைவு என்று, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு சென்னையில் உட்கார்ந்து பலமுறை போராடியிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு எடுப்பது லேசான வேலை என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிட்டார்கள்.

அது லேசா என்று என்னைக் கேள். என் முதல் பள்ளி ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் மீட்டிங் போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். ஒரு பையன், பெயர் வேண்டாம், இப்போது திருச்சியில் லாரி ஷெட்டில் இருக்கிறான். புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தும் மூன்றும் என்றால், ஐந்து கொட்டையை எண்ணுவான், மூன்றை எண்ணுவான், பிறகு எல்லாவற்றையும் குவித்து ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுவான். ஜூனிலிருந்து கார்த்திகை வரைக்கும் இதே கதை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து கொட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான். "அஞ்சு" என்று சொல்லி நிறுத்தினான். அப்புறம் வெளியே இருந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டு "ஆறு, ஏழு, எட்டு." கையை எடுக்கவே இல்லை. மூடிய கைக்குள் ஐந்து அப்படியே இருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கலா. ஏழாம் வகுப்பில் முழுக்கள் நடத்தும்போது ஒரு பெண் மைனஸ் மூன்றைக் "கடன்" என்று சொல்லித் தானே போட்டுக் காட்டினாள், அதுவும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கை மூடியது மாதிரி எனக்கு வேறொன்று அமையவில்லை.

இப்போது சின்ன வகுப்பில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, ஒரே அறையில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து வேலை வாங்க வேண்டும். தொண்டை போகும், முதுகு போகும். ஒருத்தி மூக்கைத் துடைத்துவிடு என்று நிற்பாள், இன்னொருவன் ஸ்லேட்டை உடைப்பான். இது யாழினிக்குப் பிடிக்குமா? எனக்குத் தெரிந்த யாழினி, விருந்தாளி வீட்டுக் குழந்தை அழுதால் அடுத்த ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்துகிறவள். அதே யாழினிதான் போன மே மாதம் என் மருமகனுக்கு வகையீட்டுக் கணக்கை மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். நீ மதிப்பையும் சம்பளத்தையும் பார்க்கிறாய். நான் அந்த மொட்டை மாடியைப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் எம்.எஸ்சி., அப்புறம் பி.எட். நான்கு வருஷம் ஆகும், அதற்கு அண்ணன் முகத்தைச் சுளிப்பார் என்றும் தெரியும்.

ஆனால் நான் சொன்னேன் என்று முடிவு செய்துவிடாதே. அவளை இங்கே அனுப்பு. இந்த மாதம் வேண்டாம், நவம்பர் 16 கழியட்டும். எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி, ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே காம்பவுண்டில். தலைமையாசிரியரிடம் நான் சொல்லிவைக்கிறேன். மூன்று நாள் ஒன்றாம் வகுப்பில் உட்காரட்டும், இரண்டு நாள் என்னோடு எட்டாம் வகுப்பில். காலையில் பிள்ளைகள் உப்புமா சாப்பிடும் நேரத்துக்கே வந்துவிட வேண்டும், 7.40 பஸ். பழைய சுடிதார் கொண்டு வரச் சொல், ஒன்றாம் வகுப்பில் நல்ல துணி தங்காது.

வரும்போது உன்னிடம் ட்ரெய்னிங் காலத்து உளவியல் நோட்டு இருந்தால் கொடுத்தனுப்பு. என்னுடையதைக் கரையான் தின்றுவிட்டது. பாஸ் செய்தால் திருப்பித் தருகிறேன், இல்லாவிட்டால் அடுத்த டெட் வரைக்கும் நானே வைத்துக்கொள்வேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். அதிரசம் அவர் கண்ணில் படாமல் வை.

உன்,
தேன்மொழி