பயிற்சி கொடுத்தீர்கள், யாரிடம் அனுப்பினீர்கள்?

மலேசிய இந்திய இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி நடத்தும் சமூக அமைப்புகளுக்கு,

வணக்கம். நான் கிள்ளானில் 22 வருடமாக வயரிங் வேலை செய்கிறவன். சொந்தமாக ஒரு வேன், கூட இரண்டு பேர். உங்கள் பயிற்சிகளில் தேறிய பையன்களை அடிக்கடி சந்திக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பிளாஸ்டிக் உறையில் லெவல் 3 தொழில்திறன் சான்றிதழ். வாசலில் கிடந்த பழைய டிபி பாக்ஸை (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துவிடும் பெட்டி) காட்டி, ஒரு சர்க்யூட்டைப் பூட்டிக் காட்டச் சொன்னேன். வயரைச் சரியான அளவுக்கு உரித்தான். செம்பு வெளியே தெரியாமல் ஸ்க்ரூவை இறுக்கி, இழுத்தும் பார்த்தான். சுத்தமான வேலை. ஆனால் எட்டு மாதமாக அவன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான். எத்தனை இடத்தில் கேட்டாய் என்றேன். பதினான்கு பட்டறை. பதினான்கிலும் "நம்பரை எழுதி வச்சிட்டுப் போ" என்றார்களாம்.

அந்த நம்பர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நான் வேலை பழகிய பட்டறையில், தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், இழுப்பறையில் அப்படி ஒரு நோட்டு இருந்தது. அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. ஒருவன் வேலையை விட்டு நின்றால் தவுக்கே, வேலையாட்களுக்குத் தலைவரான கெப்பாலாவிடம் "ஆள் இருக்கா?" என்பார். கெப்பாலா அக்காள் மகனுக்கு ஃபோன் போடுவார். திங்கட்கிழமை காலை அந்தப் பையன் புது சேஃப்டி பூட்ஸோடு வந்து நிற்பான். நம் பையனை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் பேச்சே அங்கே வரவில்லை.

தோட்டங்களுக்கு நம்மைக் கொண்டுவந்ததும் இதே வழிதான். கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தையும் ஊர்க்காரர்களையும் கப்பலேற்றிக் கூட்டி வந்தார். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. அந்தத் தொடர்பு ரப்பர் மரத்தடியோடு நின்றுவிட்டது. பட்டறைகள் நகரத்தில், சீனர் கடைவீதிகளில் வளர்ந்தன. அங்கே மாமன் மருமகனுக்குத் தொழில் பழக்கினார். மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு 1966இல் மாரா என்ற அரசு அமைப்பு வந்தது, பின்னாலேயே அதன் பயிற்சிக் கழகங்களும் வந்தன. தோட்டங்கள் விற்கப்பட்டு நம் ஆள்கள் நகரத்துக்கு வந்தபோது, அவர்களுக்காக ஃபோன் போட்டுப் பேச அங்கே ஆளில்லை. குடிமக்களில் நாம் ஏழு விழுக்காடுகூட இல்லை. அவரவர் தம் ஆளையே கூப்பிட்டால் நம்மைக் கூப்பிட எத்தனை பேர் மிச்சம்?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், குழாய்களுக்கு வெப்பக்காப்பு போடும் தொழிலாளர் சங்கம் ஒன்று, உறுப்பினர்களின் மகன்களையும் நெருங்கிய சொந்தக்காரர்களையும் மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் வெள்ளையர்கள். அப்புறம் கறுப்பர் எப்படி உள்ளே வருவார்? அது செல்லாது என்று 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இங்கே அப்படி எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, வழக்கம்தான். 2023இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க வழி செய்கிறது. ஆனால் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே வரும் தகராறுக்கு. உள்ளேயே நுழைய முடியாதவன் எங்கே போய்ப் புகார் கொடுப்பான்?

நான் மட்டும் எப்படி உள்ளே வந்தேன்? என் உழைப்பால் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். உழைப்பு அப்புறம் வந்தது. அம்மா அடுக்குமாடிக்குக் கீழே தோசை சுட்டு விற்றார். ஒரு தவுக்கேயின் மனைவி தினமும் வாங்குவார். "உன் மகன் வீட்டில் சும்மாவா இருக்கிறான்?" என்று ஒருநாள் கேட்டார். அவ்வளவுதான். என்னைவிடக் கெட்டிக்காரப் பையன்கள் அதே மாடியில் இருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்களிடம் தோசை வாங்க எந்தத் தவுக்கே மனைவியும் வரவில்லை.

வகுப்பில் கிடைப்பது பாதித் தொழில். பழைய கட்டடத்தில் எந்த வயர் எங்கே போகிறது என்பதை மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றுதான் சொல்லித்தர வேண்டும். அதனால் உங்களைக் கேட்கிறேன்: பயிற்சி தொடங்கும் முன்பே பட்டறைகளிடம் பேசுங்கள். இருபது பேருக்கு இடம் கிடைக்காவிட்டால் பன்னிரண்டு பேருக்கு நடத்துங்கள். மண்டரின் சீனமும் மலாயும் பேசத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். தவுக்கேகளைப் போய்ப் பார்ப்பதுதான் அவர் வேலை. முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால், தயங்குகிறவரும் "சரி, பார்க்கலாம்" என்பார். சான்றிதழ் வழங்கும் விழாவில் மண்டபத்துக்கும் மாலை பொன்னாடைக்கும் செலவழிப்பதில் ஒரு பகுதியை இதற்குத் திருப்புங்கள்.

தொழில் வைத்திருக்கும் நம் ஆள்களையும் விடாதீர்கள். நாமும் அண்ணன் மகனைத்தான் கூப்பிடுகிறோம். நானே இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். சாதி விசாரித்து ஆள் எடுப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

அந்தப் பையன் வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் வேனில் ஏறுகிறான். இன்னும் ஓர் இடம் இருக்கிறது. உங்கள் அடுத்த குழுவிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். எனக்கு அறிமுகமே இல்லாத குடும்பத்துப் பிள்ளையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து ஒரு வயர்மேன்