பாம்பெர்க்கிலிருந்து அக்காவுக்கு

பாம்பெர்க்,
ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பட்டா நகலும் போன வாரம் வந்து சேர்ந்தன. போனில் பேசிக்கொண்டாலும் உன் கையெழுத்தைப் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாது என்றுதான் பாகப்பிரிவினையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், புரிகிறது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். சனிக்கிழமையானால் போனை எடுப்பதே இல்லை, அப்படி என்ன வேலை என்று கேட்டிருந்தாய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதைத் தாண்டிவிடு.

கீழ்வீட்டுப் பெரியவர் நிலவறையில் பீர் காய்ச்சுகிறார். நான் கூடமாட உதவுகிறேன். ருசி பார்ப்பதோடு சரி, கவலைப்படாதே. ஜெர்மனியில் இந்த ஊரே பீருக்குப் பேர்போனது. மால்ட்டை, அதாவது முளைவிட்ட பார்லியை, விறகுப் புகையில் உலர்த்திச் செய்யும் ஒரு வகை இங்கே பிரசித்தம். வீட்டில் காய்ச்சுவதும் சட்டப்படி சரிதான். சொந்த உபயோகத்துக்கு வருடத்துக்கு 500 லிட்டர் வரை வரி கிடையாது, 2024 முதல் அப்படி. பெரியவர் தனியாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் அன்றைய குளிர் எத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டுப் போவார். அவரோடு பழகியதும் அந்த டிகிரியால்தான்.

கோடையில் அவர் காய்ச்சுவது நன்றாகவே வருமாம். குளிர்காலத்தில் மட்டும் நீர்த்துப்போய், தித்திப்பே இல்லாமல் வரும் என்றார். எப்போதும் தண்ணீரை 72 டிகிரிக்குத்தான் சுடவைப்பாராம். மால்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வெளியே கொட்டகையில். தொட்டுப் பார்த்தால் பனிக்கட்டி மாதிரி, 5 டிகிரி.

அக்கா, பதினொன்றாம் வகுப்புக்கு நீ நடத்தும் பாடம்தான் இது. இழந்த வெப்பம், ஏற்ற வெப்பம். வெந்நீர் இழப்பதைக் குளிர்ந்த மால்ட் ஏற்றுக்கொள்கிறது. மால்ட் என்பது முளைவிட வைத்து உலர்த்திய பார்லி. அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால், முளைக்கும்போது உண்டான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். ஒரு நொதிக்கு 60-லிருந்து 65 டிகிரி பிடிக்கும், இன்னொன்றுக்கு 70-க்கு மேல். இவர் இரண்டுக்கும் நடுவே 66-இல் ஒரு மணி நேரம் வைக்கிறார். சூடு குறைந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையே அதிகம் உண்டாகி, அதை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட, பீரில் கனம் இல்லாமல் போய்விடும். ஒரு கிலோ மால்ட்டுக்கு 3 லிட்டர் தண்ணீர். மால்ட்டின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பம், தண்ணீருடையதில் ஏறக்குறைய 0.41 பங்கு. 0.41-ஐ 3-ஆல் வகுத்து, 66-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 61-ஆல் பெருக்கினால் 8.3 வரும். அதை 66-உடன் கூட்டினால், தண்ணீர் 74.3 டிகிரியில் இருக்க வேண்டும். கோடையில் மால்ட் 22 டிகிரியில் இருக்கும்போது இதே கணக்கு 72 தருகிறது. அதனால்தான் அவருடைய கோடைப் பீர் நன்றாக வந்திருக்கிறது! நம் ஊரில் 32 டிகிரி என்று வைத்தால் 70.6 போதும்.

பாத்திரமும் சூட்டை இழுக்கும். அதனால் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டுத்தான் தொடங்குகிறோம். அப்படியும் ஒருமுறை 62-இல் நின்றுவிட்டது. 5 கிலோ மால்ட், 15 லிட்டர் தண்ணீர், நாலு டிகிரி ஏற வேண்டும். 2 லிட்டர் கொதிநீர் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ஊற்றிக் கிளறித் தெர்மாமீட்டரை விட்டால் 66. பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தண்ணீர் அளவும் இப்படித்தான், பின்னாலிருந்து போக வேண்டும். கடைசியில் 20 லிட்டர் வேண்டும். கசடோடு போவது 2, வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிடும்போது ஆவியாவது 3, ஆறும்போது சுருங்குவது ஏறக்குறைய 1, மால்ட் உறிஞ்சிக்கொண்டு திருப்பித் தராதது கிலோவுக்கு ஒரு லிட்டர் வீதம் 5. மொத்தம் 31. முதலில் 15 ஊற்றி, மிச்சம் 16-ஐக் கொண்டு, ஒட்டியிருக்கும் சர்க்கரையும் இறங்கும்படி சக்கையை அலச வேண்டும். கொதிநீர் 2 லிட்டர் சேர்த்த அன்று அலச 14 மட்டும். அலசும் தண்ணீர் 78 டிகிரியைத் தாண்டக் கூடாது, உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். ஆவியாவது அடுப்புக்கு அடுப்பு மாறும், அதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். உன் பிள்ளைகளுக்கு ஒரு நாள் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார். பீர் என்று சொல்லாதே, பார்லிக் கஞ்சி என்று சொல்.

மால்ட்டில் வெந்நீர் விழுந்ததும் ஒரு வாசனை எழும் அக்கா. அம்மா கேழ்வரகை முளைகட்டி, மொட்டைமாடியில் உலர்த்தி, வறுத்துத் திரித்துக் கஞ்சி போடுவாளே, அதே வாசனை. முதல்முறை அது மூக்கில் ஏறியபோது கிளறும் துடுப்பை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடையெல்லாம் மூடியிருக்கும், தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அன்றைக்கு அம்மாவின் கஞ்சி நினைவு ரொம்பவே வரும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் அரைக் கிலோ மாவு கொடுத்துவிடு. அம்மா கையால் திரித்ததாக இருக்கட்டும்.

சரி, வயல் விஷயம். கிழக்குப் பங்கைச் சித்தப்பா கேட்டால் கொடுத்துவிடலாம், அப்பாவுக்கும் அதில் வருத்தம் இருக்காது. ஆனால் கிணற்றில் நமக்குப் பாதி உரிமை, மோட்டார் வைக்க இடம், வரப்பில் வழி, இந்த மூன்றும் பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். பெரியப்பா காலத்தில் பட்டது போதும். உன் பெயருக்குப் பவர் எழுதி மியூனிக் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். எங்கே, எவ்வளவு என்று அத்தானை அம்பாசமுத்திரம் பதிவு அலுவலகத்தில் விசாரித்து வைக்கச் சொல்.

இந்த மாதப் பணம் 10-ஆம் தேதிக்கு மேல் வரும். சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. அப்பாவின் கண் ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், அத்தானிடம் வாங்கிக்கொள், நான் தந்துவிடுகிறேன்.

சின்னவளுக்குக் காதுகுத்து வைகாசியில் என்கிறாய். ஆவணிக்கு வைக்க முடியுமா? அப்போது விடுப்பும் கிடைக்கும், டிக்கெட்டும் கொஞ்சம் கைக்கு அடங்கும். தாய்மாமன் மடியில் உட்காராமல் அவளுக்குக் காது குத்தக் கூடாது, சொல்லிவிட்டேன். மாமியார் வைகாசிதான் என்று பிடிவாதம் பிடித்தால் உடனே எழுது, இங்கே விடுப்புக்குப் பேசிப் பார்க்கிறேன். பட்டா நகலில் கிணறு இருக்கும் உட்பிரிவு எண் சரியாகத் தெரியவில்லை, வேறு நகல் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
தம்பி